எழுதுறவங்க கிட்டயே காசு புடுங்குற ஆப் – 7,763 ரூபா போச்சு, உஷாரா இருங்க

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. ஆப் பேரு சொல்ல மாட்டேன், வக்கீல் நோட்டீஸ் அது இதுன்னு கெளம்புவானுங்க, அதுக்கு வேற எனக்குத் தெம்பு இல்ல. தொடர்கதை, கவிதை, சமையல் குறிப்புன்னு எது வேணா நாமளே எழுதிப் போடலாம், ஃபாலோயர்ஸ் சேருவாங்க, படிக்கிறவங்க காயின் வாங்கி எபிசோட அன்லாக் பண்ணா அதுல நமக்கு பங்குன்னு சொல்ற டைப்பு. அந்த மாதிரி ஆப்ல ஒழுங்கா காசு குடுக்குறதும் இருக்கு, எல்லாத்தையும் சேத்து திட்டல.

நான் அதுல ஒரு குடும்பத் தொடர் எழுதிட்டு இருந்தேன். மாமியார் மருமக கதைதான், ஆனா ரெண்டு பேருமே கெட்டவங்க இல்ல. ஒருநாள் மத்தியானம் வாட்ஸப்புல கால், "மேடம், ரைட்டர் சப்போர்ட் டீம்ல இருந்து பேசுறேன்"னு ஒரு பையன். கட் பண்ணத்தான் போனேன். அப்ப சொன்னான் பாருங்க, "மருமக தாலிக்கொடி அடகு வச்ச சீட்ட அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பா, மாமியார் அரிசி அளக்கும்போது படியோட சேந்து அந்தச் சீட்டு மேல வரும், அவங்க ஒண்ணுமே சொல்லாம திரும்ப உள்ள தள்ளி மூடுவாங்கள்ல, அந்த எடத்துல அழுதுட்டேன்க்கா"ன்னு. மேடம் போயி அக்கா வந்துருச்சு. எழுதுறவங்களுக்குத் தெரியும் இது என்ன பண்ணும்னு. எங்க வீட்டுல ஒருத்தரும் ஒரு வரி படிச்சது கெடயாது, எவனோ ஒருத்தன் நான் எழுதின அரிசியையும் படியையும் ஞாபகம் வச்சு சொல்றான், அதுக்கப்புறம் எங்கேருந்து சந்தேகம் வரும்? அந்த சீன் முதல் எபிசோட்லயே இருக்குங்கறது இப்பதான் உறைக்குது. அதத் தாண்டி அவன் ஒரு எழுத்து படிச்சிருக்க மாட்டான், எழுதி வச்சுக்கோங்க.

அப்புறம் விஷயத்துக்கு வந்தான். "வெரிஃபைட் ரைட்டர்" மெம்பர்ஷிப் எடுத்தா கதை முகப்புல வரும், பங்கு டபுளாகும், 4,999 தான்க்கா, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்து 5,899. க்யூஆர் அனுப்பினான், ஸ்கேன் பண்ணா கம்பெனி பேர் வரல, யாரோ ஒரு ஆள் பேர் வருது. கேட்டேன், கேக்காம இல்ல. "பேமென்ட் கேட்வே இன்னிக்கு மெயின்டனன்ஸ்க்கா, இது எங்க அக்கவுண்ட்ஸ் சார் நம்பர்"னு அலட்டிக்காம சொல்றான். தீபாவளிச் சீட்டு எடுத்த காசு, அதுலருந்துதான் போட்டேன். பில் ஒண்ணு வந்துச்சு, ஜிஎஸ்டின்னு தொகை போட்டிருக்கு ஆனா ஜிஎஸ்டி நம்பரே இல்ல. உண்மையான பில்லுன்னா எழுத்தும் எண்ணும் கலந்து 15 இடத்துல ஒரு நம்பர் இருக்கணும், தமிழ்நாட்டு ரெஜிஸ்ட்ரேஷன்னா 33ல ஆரம்பிக்கும், ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டுப் பாத்தா யாரு எவருன்னு வந்துரும்.

அதுக்கப்புறம் டேஷ்போர்டு சும்மா எகிறுது. தினம் வாலட் ஏறுது, 18,640 காட்டுது. வித்ட்ரா அமுக்கினா "டிடிஎஸ் 10 சதவீதம் முன்கூட்டியே செலுத்தவும்"னு வருது, அதாவது 1,864 நான் கட்டணுமாம். போன் போட்டா அதே பையன், "கவர்மென்ட் ரூல்க்கா, ரிட்டர்ன் ஃபைல் பண்ணா திரும்ப வந்துரும்"ங்கறான். அதையும் கட்டியாச்சு. மொத்தம் 7,763 ரூபா.

டிடிஎஸ்னா என்னங்க? நமக்குக் காசு குடுக்குறவன் அதுல புடிச்சுக்கிட்டு மீதிய நமக்குப் போடணும், புடிச்சத நம்ம பான் நம்பர்ல கவர்மென்ட்டுக்குக் கட்டணும். நம்மகிட்ட முன்னாடியே காசு வாங்கிட்டு எவனும் டிடிஎஸ் கட்ட மாட்டான். இத எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருக்கற ஆடிட்டர் அண்ணன் சொல்லிட்டு சிரிக்கிறாரு, எனக்கு வயிறு எரியுது.

கட்டின மறுநாள்ல இருந்து ஆளே மாறிட்டானுங்க. பையன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். ஆப்ல டிக்கெட் போட்டா கெணத்துல போட்ட கல்லு. சாட்ல ஒரு பாட், "அன்பான படைப்பாளரே, உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு ஹார்ட் எமோஜியோட. ஆள் கிட்ட பேசணும்னு திரும்பத் திரும்ப டைப் பண்ணா ஒரு பொண்ணு வந்து "உங்க வியூஸ்ல சந்தேகத்துக்குரிய டிராஃபிக் இருக்கு, ரிவ்யூ நடக்குது"ன்னு சொல்லுது. டிடிஎஸ் வாங்கும்போது அந்த டிராஃபிக் கண்ணுக்குத் தெரியலயா? அந்தப் பையன் யாருன்னு கேட்டா "அப்படி யாரும் எங்க டீம்ல இல்ல"ங்கறாங்க. சரி, டீம்ல இல்லாதவன் குடுத்த வெரிஃபைட் டிக் என் ப்ரொஃபைல்ல எப்படி வந்துச்சு? அதுக்கு பதில் இல்ல, சாட் க்ளோஸ்.

இதவிடக் கொடுமை, கதைய டெலிட் பண்ணுங்கன்னா முடியாதாம், கதை அவங்க ஆப்ல மட்டும்தான் இருக்கணும்ங்கற எக்ஸ்க்ளூசிவ் அக்ரிமென்ட்டுக்கு டிக் போட்டிருக்கேனாம். காப்பிரைட் சட்டம் 1957ல 19வது பிரிவு பாருங்க, எழுதினவங்க உரிமைய மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல இருக்கணும், கையெழுத்து வேணும், எத்தன வருஷம்னு போடலன்னா 5 வருஷம்தான். ஒரு டிக் கையெழுத்து ஆகுமான்னு வக்கீல் கிட்டதான் கேக்கணும், விடப்போறதில்ல. என் 7,763 ரூபா போனாலும் அந்த அரிசி டிரம்ம அவனுங்களுக்கு விட்டுக் குடுக்க மாட்டேன்.

சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930 நம்பர்ல கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், யுபிஐ ரெஃபரன்ஸ் நம்பர் கேப்பாங்க, 12 இலக்கம், எடுத்து வச்சுட்டுப் பேசுங்க. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறோமோ அவ்வளவு நல்லது, காசு அடுத்த அக்கவுண்ட்டுக்கு ஓடறதுக்குள்ள நிறுத்தப் பாப்பாங்க. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915.

விரிவா டிப்ஸ் எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப மண்டை ஓடல. சம்பாதிக்க வந்த எடத்துல நம்மகிட்ட காசு கேட்டா வெளிய வந்துருங்க. கிண்டில்ல புக் போட ஒத்த ரூபா கேக்க மாட்டாங்க, விளம்பரத்துக்குக் காசு குடுக்குற கூகுள் ஆட்சென்ஸ் 10 டாலர் சேந்ததும் வீட்டுக்கு போஸ்ட்ல பின் நம்பர் அனுப்புமே தவிர பணம் கேக்காது. வாலட்ல எவ்வளவு காட்டினாலும் முதல்ல ஒரு சின்னத் தொகைய எடுத்துப் பாத்துட்டு மேல எழுதுங்க. கதைய வேற எங்கயாச்சும் காப்பி வச்சுக்கோங்க. ஏமாந்துட்டோம்னு கோவத்துல ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணிடாதீங்க, முதல்ல எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, என் சாட்டுல பாதி இப்பவே காணோம்.