டிரெய்லர் அடுப்பு: சிலிண்டர் பெட்டியும் அதன் அடியில் ஒரு ஓட்டையும்

தூத்துக்குடி நண்பன் ஒருவன் கேம்பர் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தங்குகிற வண்டி, கட்டிக்கொண்டிருக்கிறான். கட்டில், பேட்டரி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் முடிவாகிவிட்டதாம். "கேஸை மட்டும் எங்கடா வச்ச, எப்படி வச்ச?" என்று கேட்டான். போனில் சொல்லித் தீராது என்பதால் இங்கே எழுதுகிறேன். இந்த வாரம்தான் இன்னொரு ரெகுலேட்டருக்குக் காசு அழுதிருக்கிறேன். அந்தக் கடுப்பும் இதில் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் டிரெய்லரில் இருப்பது இரண்டு பர்னர் அடுப்பு, 5 கிலோ சிலிண்டர். பெட்ரோல் பங்க்கில் அடையாள அட்டை காட்டி வாங்குகிற ரகம். கிலோ கணக்குப் பார்த்தால் வீட்டுச் சிலிண்டரைவிட விலை கூடுதல்தான். அதற்காக 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கி வைக்க நினைக்காதீர்கள். அது வீட்டுச் சமையலுக்கென்று கொடுப்பது. நிறைந்திருந்தால் மொத்தம் 30 கிலோ பக்கம் வரும், மணலில் இறக்கி ஏற்றிப் பார்த்தால் தெரியும்.

சிலிண்டர் இருப்பது டிரெய்லரின் முன்பக்கம், இழுவைக் கம்பிக்கு மேலே, தனிப் பெட்டியில். நிமிர்ந்து நிற்கும்படி பெல்ட் போட்டுக் கட்டியிருக்கிறது. டிரெய்லருக்கு உள்ளேயிருந்து பெட்டிக்கு வழி கிடையாது, கதவு வெளிப்பக்கம் மட்டும். குழாய் நுழைகிற துளையைச் சுற்றிக்கூட ரப்பர் வைத்து இறுக்கியாயிற்று. அடித்தகட்டில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, ஏறக்குறைய இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கி நிற்கும். கூரையில் எத்தனை ஜன்னல் வைத்தாலும் அதற்கு வழி கீழேதான். "மண்ணு அள்ளிட்டு வரும் சார், ஒரு தகடு வச்சு அடைச்சிரவா?" என்று பட்டறைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அவர் சொன்னபடியே அள்ளிக்கொண்டு வருகிறது. ஆடியில் மண்டபம் பக்கம் கச்சான் காற்று கிளம்பினால் அந்த ஓட்டை வழியாக மணலும் உப்பு ஈரமும் சேர்ந்து பெட்டிக்குள் குடியேறிவிடுகின்றன. சிலிண்டரின் அடிவளையம் துருப்பிடித்து, பெட்டித் தரையில் காவி நிறத்தில் வட்டமாகத் தடம். பித்தளை நட்டில் பச்சைக் களிம்பு. ரெகுலேட்டரின் உடம்பெல்லாம் வெள்ளைப் பொடி பூத்து, குமிழைத் திருப்பினால் நறநறவென்று பல்லைக் கடிக்கிறது. சிலிண்டரையாவது காலியானதும் மாற்றிக்கொள்ளலாம், ரெகுலேட்டர் என் காசு. மதுரையில் இருப்பவனுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. ஒவ்வொரு தடவை வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைக்கிறேன், காயவைக்கிறேன், திட்டுகிறேன்.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அரியமான் கடற்கரையில் ஒரு காலை நேரம், டீ போடலாமென்று பெட்டியைத் திறந்தால் குப்பென்று கேஸ் வாடை. சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. சோப்பு நுரை தடவினால் ரெகுலேட்டர் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு, சிலிண்டரை வெட்டவெளியில் தள்ளி வைத்தேன். அப்புறம் டிரெய்லருக்குள் போய்த் தரையோடு குனிந்து மோந்து பார்த்தேன். துளி வாடை இல்லை. ராத்திரி முழுக்க நாங்கள் படுத்திருந்த இடம் அது. கசிந்ததெல்லாம் ஓட்டை வழியாக இறங்கிக் கடல் காற்றோடு போயிருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரெகுலேட்டர் வீட்டு அடுப்புக்கு வருகிற அதே 30 மில்லிபார் அழுத்தம்தான். தட்டுக்கடைகளில் உறுமுகிற ஹை பிரஷர் ரெகுலேட்டரை இந்த அடுப்பில் மாட்டாதீர்கள். டியூப் உள்ளே கம்பி வலை பின்னிய ஆரஞ்சு நிற ரகம், ஐந்து வருஷம் ஆனால் மாற்றியாக வேண்டும். வெயிலும் உப்பும் படுவதால் அதற்கு முன்பே மாற்றுவது என் வழக்கம். தரைக்கு அடியில் ஓடுவது செம்புக் குழாய், அதிர்ந்து உரசாமல் இருக்க அடிக்கடி கிளாம்ப். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை அணைத்தே வைத்திருப்பேன். மூக்கையூர்ப் பக்கத்து மணல் தடத்தில் ஒரு தடவை குலுங்கிப் பார்த்தால் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையில் இருக்கும் எழுத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பி-27 என்றால் 2027 ஜூன் வரை, அதன்பின் சோதனைக்குப் போக வேண்டியது.

அடுப்பில் எனக்குப் பிடித்தது, தீ அணைந்தால் கேஸைத் தானே நிறுத்துகிற தெர்மோகப்பிள். சமையல் முடியும்வரை கதவைத் திறந்துதான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். கதவைத் திறந்தால் காற்று பர்னரை ஊதிவிடும். நம்மூர் வீட்டு அடுப்புகள் பலவற்றில் இல்லாத இந்தச் சின்னக் குச்சி அந்த இடத்தில் காப்பாற்றுகிறது. பற்றவைத்ததும் சில நொடி குமிழை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். என் வீட்டம்மாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது, "இதுக்கு விறகே தேவலை" என்பாள்.

சரி, நண்பனுக்குப் பதில். டேய், இவ்வளவும் ஒழுங்காக வேலை செய்கிறது, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் நீ உள்ளே அடுப்பே வைக்காதே. பக்கவாட்டில் ஒரு மடக்குப் பலகை போட்டு வெளியே வைத்துச் சமை. நம் கரையில் மழை நாள் எத்தனை? குழம்பு வாடையும் மெத்தையில் ஏறாது. என்னுடையதைக் கழற்றித் தரச் சொல்லி மட்டும் கேட்காதே, தர மாட்டேன். ரெகுலேட்டர் வாங்கும்போது கூடுதலாக ஒன்று வாங்கி வைத்தேன், அது வேண்டுமானால் எடுத்துக்கொள். பாதி விலை போதும்.