ஞாயிறு மாலைச் சிறுகதை வகுப்பு: சேரலாமா?

ஜூமில் நடக்கும் வாசிப்பு வகுப்பு. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ எடுத்த அன்றே கொடுத்த காசு வசூலாகிவிட்டது. மனைவி இறந்ததைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிற கதை, அதனால் அடுத்து என்ன என்று பதறாமல், ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே சீக்காளி மனைவிக்குச் சமைத்தும் போடுகிற பிரமநாயகம் பிள்ளையையே கவனிக்க முடிகிறது. மனுஷன் என்ன பேசுகிறார் என்பதை விடுங்கள், என்ன செய்கிறார் என்று பாருங்கள் என்றார் ஆசிரியர். கருப்பொருள் வறுமை என்று ஒருவர் சட்டென்று சொல்ல, அது கதை நடக்கிற இடம்தான், அந்த நெருக்கடியில் பாசம் என்ன பாடுபடுகிறது என்பதல்லவா விஷயம் என்று கேட்டாரே, அங்கேதான் எனக்குப் பிடிபட்டது. அப்புறம், குறைகளும் உண்டு. பாதிப்பேர் கதையைப் படிக்காமலே வருகிறார்கள் (மைக்கையும் அணைப்பதில்லை). குறிப்புகள் சுமார். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்குச் சரிவராது.