அப்பா பெயரில் படகு, பிள்ளைகள் உழைப்பு: பங்கு பிரிக்க எந்த வழி?

மூத்தவர் கடலுக்குப் போனார், இளையவர் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பினார், எல்லாம் அப்பா கையில் சேர்ந்தது. படகும் வீடும் அப்பா பெயரில். பாம்பனோ தொண்டியோ, அவர் இறந்தபின் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. பணம் அனுப்பிய வங்கி ரசீது இருந்தாலும், வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லையென்றால் இன்னொருவர் பெயரில் உள்ள சொத்தைத் தன் பணம் என்று கோர விடாத 1988ஆம் ஆண்டுப் பினாமிச் சட்டம் பெரும்பாலும் குறுக்கே நிற்கும். அப்பாவின் சொத்தாகவே எல்லா வாரிசுக்கும் பிரியும். இந்துக் குடும்பத்தில் மனைவி, மகன், மகள், அப்பாவின் தாய் இருந்தால் அவரும் சமம். கிறிஸ்தவர்களில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களில் மனைவிக்கு எட்டில் ஒன்று, மகனுக்கு மகளின் இருமடங்கு. வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கித் தருபவர் மட்டுமே, உரிமையாளர் அல்ல.

பிரிக்க வழி மூன்று: ஊர்ப் பெரியவர்கள் முன் பேசுவது, பத்திரம் பதிவது, வழக்கு. ஊர்ப் பேச்சின் பலம், யார் எத்தனை வருடம் உழைத்தார், மீன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பது பெரியவர்களுக்குத் தெரியும் என்பதுதான். நீதிமன்றத்தில் அதை நிரூபிக்க வருடங்கள் ஆகும். பலவீனம், கட்டிக்கொடுத்த மகள்களைக் கூப்பிடாமல் முடிப்பது. அது பிறகு வழக்காக வந்து நிற்கும். எழுதும் வாசகமும் முக்கியம். "இதன்மூலம் வீட்டைப் பிரித்துக்கொள்கிறோம்" என்றால் பதிவு கட்டாயம். ஏற்கெனவே வாய்மொழியாகப் பிரித்ததைக் குறித்து வைக்கும் நினைவுக் குறிப்புக்குப் பதிவு தேவையில்லை என்று 1976இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனாலும் பட்டா மாற்ற, கடன் வாங்கப் பதிவான பாகப்பத்திரமே உதவும். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. ஒரு வாரிசின் கையெழுத்து விடுபட்டாலும் சிக்கல்தான். வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பலாம்.

படகை வெட்டிப் பிரிக்க முடியாது. முன்பணம், வங்கிக் கடன் இரண்டையும் கழித்து விலை வைத்து, ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பணம் தரவேண்டும். பிறகு வாரிசுச் சான்று, மற்றவர்களின் சம்மதக் கடிதத்தோடு மீன்வளத்துறையில் பெயர் மாற்ற வேண்டும்.

வழக்கு கடைசி வழி. கரையில் கிடக்கும் படகுக்கு மரம் உளுத்து, எஞ்சின் துருப்பிடிக்கும். தீர்ப்பு வரும்போது பிரிக்க அதிகம் இருக்காது. ஒருவர் கணக்கே காட்டாமல் வருமானத்தை அனுபவித்தால் மட்டும் தயங்காமல் போடுங்கள், சொத்தைப் பொறுப்பேற்றுக் கணக்கு வைக்க ரிசீவரை நீதிமன்றம் நியமிக்கவும் கேளுங்கள். நடுவில் சமரசம் வந்தால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடிக்கலாம்: நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல்முறையீடு கிடையாது.

எங்கள் தேர்வு, மகள்களையும் உட்கார வைத்து ஊரில் பேசி, கையோடு பத்திரம் பதிவது. கிழக்குக் கரையில் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் தோதானது. படகு கரையில் நிற்பதால் பலகையையும் எஞ்சினையும் எல்லோரும் பார்த்தே விலை வைக்கலாம்.