ஊட்னடாட்டா பக்கம் கேரவன் வாடகைக்கு எடுத்துப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

ஜூலை பள்ளி விடுமுறைக்கு ஆஸ்திரேலியாவின் உள்பகுதிக்குக் கேரவன் (காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, தங்கும் வசதியுள்ள வண்டி) எடுத்துப் போகலாம் என்று பலரும் திட்டம் போட்டிருப்பீர்கள். நானும் என் கணவரும் போன குளிர்காலத்தில் அப்படித்தான் அடிலெய்டில் ஒரு வாடகை நிறுவனத்தில் எடுத்தோம். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த வண்டிக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார்கள். அது நடு வழியில் உடைந்து நின்றபோது கைவிட்டார்கள். திரும்பி வந்ததும், நாங்கள்தான் உடைத்தோம் என்று பில் அனுப்பினார்கள்.

நாங்கள் போக வேண்டிய வழியை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டோம். மாரீயிலிருந்து ஊட்னடாட்டா டிராக்கைப் பிடித்து, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா வழியாக மார்லா வரை. 600 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், கிட்டத்தட்ட எல்லாமே மண் ரோடு. மேனேஜர் வரைபடத்தைக்கூடப் பார்க்கவில்லை. "இது முழு ஆஃப்-ரோடு வண்டி, எங்கள் வாடிக்கையாளர்கள் அங்கே அடிக்கடி போகிறார்கள், கவலையே வேண்டாம்" என்றார். என் கணவர் விடாமல், "சார், ஊட்னடாட்டாதான், உறுதியா?" என்று திரும்பக் கேட்டார். அதற்கும் தலையாட்டினார். டெபாசிட் 3,000 டாலர். கையெழுத்துப் போட நீட்டியது ஒரு பக்கம்தான். "பொது நிபந்தனைகள் தனியாக மின்னஞ்சலில் வரும்" என்றார்கள். அது வந்தது நாங்கள் கிளம்பிய பிறகு.

அந்த ரோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அவ்வளவு அழகான வழி. பூமிக்கடியிலிருந்து ஆர்ட்டீசியன் தண்ணீர் தானாகப் பொங்கி வரும் ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அரபானா மக்கள் காலங்காலமாக நடந்த வழி அது. தண்ணீர் இருந்ததால்தான் தந்திக் கம்பியும் அப்புறம் பழைய கான் ரயிலும் அதே வழியாகப் போயின. அந்த ரயில் பாதை 1980-இல் மூடப்பட்டது. பப்ளர் என்ற ஊற்றில், வறண்ட மண்ணுக்கு நடுவே மணலைக் கிளப்பிக்கொண்டு குமிழ் குமிழாகத் தண்ணீர் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். ஆனால் ரோடு நெளித் தகரத்தைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும். டயர் காற்றைக் குறைத்து, மெதுவாகத்தான் போக வேண்டும். மெதுவாகத்தான் போனோம். அந்த அதிர்வு மணிக்கணக்கில் ஒரே சீராக ஸ்பிரிங்கையும் போல்ட்டையும் வெல்டிங்கையும் உலுக்கிக்கொண்டே இருக்கும். நல்ல வண்டி அதைத் தாங்கும். எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கே பிய்த்துக்கொள்ளும்.

கவர்டு ஸ்பிரிங்ஸைத் தாண்டி வில்லியம் கிரீக் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது கேரவன் ஒரு பக்கமாக இழுத்தது. ரப்பர் கருகும் வாடை. இறங்கிப் பார்த்தால், இடது பின் சக்கரம் பின்னால் தள்ளி வந்து, மேலே இருக்கிற வளைவுத் தகட்டில் உரசி டயரே புகைந்துகொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கிற இரும்புத் தகடு அடியோடு பிய்ந்திருந்தது.

மொபைலில் சிக்னல் கிடையாது. சேட்டிலைட் போன் ஒன்றைத் தனியாக வாடகைக்கு எடுத்து வைத்திருந்தோம். அதில் நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணைக் கூப்பிட்டோம். எடுத்த பெண் முதலில் கேட்டது, "தார் ரோட்டில் இருக்கிறீர்களா?" என்று. இல்லை என்றதும், மண் ரோட்டில் நின்றால் உதவிச் சேவை கிடையாது, நிபந்தனை 14-ஐப் பாருங்கள் என்றார். மண் ரோட்டுக்கென்றே வாடகைக்கு விட்ட வண்டி இது என்று நான் இரண்டு முறை சொன்னேன். "நீங்களே இழுவை வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்" என்று வைத்துவிட்டார். சுற்றிலும் ஒரு ஆள் இல்லாத இடத்தில் இந்தப் பதிலைக் கேட்டபோது வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ரோட்டில் போகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் யுஎச்எஃப் ரேடியோவில் 40-ஆம் சேனலில் கூப்பிட்டோம். எதிர்ப்பக்கமிருந்து வந்த ஒரு வயதான தம்பதி கேட்டுவிட்டு வந்து நின்றார்கள். அந்தப் பெரியவர் பல வருடம் லாரிப் பட்டறை நடத்தியவராம். டார்ச்சோடு கீழே படுத்து ஊர்ந்து போனவர், கொஞ்ச நேரம் கழித்து என் கணவரையும் உள்ளே கூப்பிட்டார். உடைந்த இடத்தைக் காட்டினார். வெல்டிங் பிளந்த முகத்தில் ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று புது இரும்பாக இருந்தது. மீதிப் பெரும்பகுதி காப்பிப்பொடி நிறத்தில் துரு. அந்தத் துருவுக்குள் கறுப்புப் பெயின்ட் வழிந்து இறங்கிக் காய்ந்திருந்தது. "புது விரிசலுக்குள் பெயின்ட் எப்படித் தம்பி போகும்?" என்கிற அர்த்தத்தில் அவர் ஏதோ சொன்னார். விரிசல் முன்பே இருந்திருக்கிறது. அதைப் பார்த்து, சரிசெய்யாமல், மேலே கறுப்பு அடித்து மறைத்திருக்கிறார்கள். நான் அத்தனை கோணத்திலும் படம் எடுத்துக்கொண்டேன்.

சாய்ந்து நின்ற கேரவனுக்குள் படுக்க முடியாது. காருக்குள் இருந்த போர்வையையெல்லாம் போர்த்திக்கொண்டு இரவைக் கழித்தோம். அங்கே பகலில் வெயில் அடித்தாலும் ஜூலை ராத்திரி நடுக்கிவிடும். மறுநாள் கூபர் பீடியிலிருந்து இழுவை லாரி வந்தது. வில்லியம் கிரீக்கிலிருந்து அந்த ஊரே 166 கிலோமீட்டர். கட்டணம் 2,900 டாலர், எங்கள் கார்டில். அங்கே ஒரு மெக்கானிக் வண்டியைப் பார்த்துவிட்டு, பழைய விரிசல் என்று படங்களோடு ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு தாள்தான் இன்றைக்கு எங்கள் கையில் இருக்கிற பெரிய பலம்.

அடிலெய்டு திரும்பியதும் நிறுவனம் டெபாசிட்டை முழுக்கப் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் 4,100 டாலர் கட்டச் சொல்லிக் கடிதம். காரணங்கள் மாறிக்கொண்டே வந்தன. முதலில் மண் ரோட்டில் ஓட்டினீர்கள் என்றார்கள். மேனேஜர் சொன்னதை எடுத்துக்காட்டியதும், வேகமாக ஓட்டினீர்கள் என்றார்கள். அதற்கும் பதில் சொன்னதும், அளவுக்கு மேல் பாரம் ஏற்றினீர்கள் என்றார்கள். இந்த இடத்தில்தான் என் கணவரின் பழக்கம் காப்பாற்றியது. கிளம்புவதற்கு முன் எல்லாச் சாமானையும் தண்ணீரையும் ஏற்றி, காரிலிருந்து கேரவனைக் கழற்றி, எடை மேடையில் நிறுத்திச் சீட்டு வாங்கி வைத்திருந்தார். வண்டியின் தகட்டில் பொறித்திருந்த மொத்த எடை வரம்பு 2,500 கிலோ. எங்கள் சீட்டில் 2,310. அதை அனுப்பிய பிறகு பாரம் என்ற பேச்சே வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், பல பேர் இது தெரியாமல்தான் பணத்தைக் கட்டிவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். 2011 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிற ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம், விலைக்கு வாங்கிய பொருளுக்கு மட்டுமல்ல, வாடகைக்கு எடுத்ததற்கும் பொருந்தும். இந்தக் காரியத்துக்கு வேண்டும் என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லி, அவர்களும் சரி என்று கொடுத்தால், பொருள் அதற்கு ஏற்றதாக இருந்தாக வேண்டும். "நாங்கள் பொறுப்பல்ல" என்று எந்த நிபந்தனையில் எழுதினாலும் இந்த உரிமையைப் பறிக்க முடியாது. அந்தக் குறையால் வரக்கூடும் என்று எதிர்பார்க்கத்தக்க செலவையும், இழுவை லாரி மாதிரி, கேட்கலாம். கேரவன் தொழிலில் இந்தப் பிரச்சினை புதிதும் அல்ல. நுகர்வோர் ஆணையமான ஏ.சி.சி.சி. 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், புதுக் கேரவன் வாங்கி அவர்களுக்குப் பதில் சொன்னவர்களில் 80 விழுக்காட்டினர் வண்டியில் பிரச்சினை வந்தது என்றார்கள். புது வண்டிக்கே அந்தக் கதி என்றால், கை மாறிக் கை மாறி அதே ரோட்டில் அடிபடும் வாடகை வண்டியை யோசித்துப் பாருங்கள்.

அதனால் போகிற ரோட்டின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். 'ஆஃப்-ரோடு' என்ற பொதுவான பேச்சு போதாது. 'ஊட்னடாட்டா டிராக், மாரீ முதல் மார்லா வரை அனுமதி' என்று எழுத்தில் வேண்டும். எழுத மறுத்தால் வேறு இடம் பாருங்கள், அங்கேயே விஷயம் தெரிந்துவிடும். நிபந்தனை முழுவதையும் பணம் கட்டும் முன் வாங்கிப் படியுங்கள், முக்கியமாக உதவிச் சேவை எந்த ரோட்டில் கிடைக்கும் என்ற வரியை. வண்டியை எடுக்கும்போது வெளியே மட்டும் சுற்றிப் பார்க்காமல், ஒரு பாயைப் போட்டு அடியில் படுத்துப் பாருங்கள். சேசிஸ் முழுக்கப் பழைய தூசி படிந்திருக்க, ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடத்தில் மட்டும் கறுப்பு புதிதாக மின்னினால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். படம், வீடியோ, எடைச் சீட்டு எல்லாம் கையில் இருக்கட்டும்.

எங்கள் புகாரை முதலில் தென் ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் மற்றும் வணிகச் சேவைத் துறையிடம் கொடுத்தோம். சமரசத்துக்குக் கூப்பிட்டார்கள். நிறுவனம் டெபாசிட்டில் பாதியைத் தருவதாகவும், ஆனால் இதைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்றும் சொன்னது. இருவரும் ஒரே குரலில் மறுத்துவிட்டோம். இப்போது மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு வழக்குப் பிரிவில் இருக்கிறது. 12,000 டாலர் வரையிலான தொகைக்கு அங்கே வழக்கறிஞர் இல்லாமல் நாமே பேசலாம். ஜூலைக்கு ஏற்கெனவே முன்பதிவு செய்துவிட்டவர்கள் இன்றே அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, நீங்கள் போகும் ரோட்டின் பெயரைப் போட்டு அனுமதி கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள்.