சுங்கை சிப்புட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம்: நுரையீரல் தொகுப்பு எடுத்த அனுபவம்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டின் கடைவீதியில் இருக்கும் தனியார் ரத்தப் பரிசோதனை நிலையமொன்றில், நுரையீரலுக்கானது என்று விளம்பரம் செய்யப்படும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பைச் சென்ற மாதம் என் தந்தையாருக்காக எடுத்தோம். அப்பா முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஷீட்டுகளைக் காயவைக்க எரித்த விறகின் புகையோடு அவர் பிடித்த சிகரெட்டும் சேர்ந்து, இன்று நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. கடந்த ஓராண்டில் இரண்டு முறை சளி முற்றி மிகவும் சிரமப்பட்டார்.

ரத்தம் எடுத்த பெண்ணின் கைத்திறனை முதலில் சொல்ல வேண்டும். அப்பாவின் கையில் நரம்பு எளிதில் அகப்படாது. "அங்கிள், கையை நல்லா மூடிப் பிடிங்க" என்று சொல்லி, புறங்கையைத் தடவிப் பார்த்து, சின்ன ஊசியால் ஒரே குத்தில் எடுத்துவிட்டார். இடம் சுத்தமாக இருந்தது. முடிவும் மறுநாளே வந்தது.

என் குறையெல்லாம் அந்த முடிவை விளக்கிய விதத்தில்தான். உடலில் அழற்சி இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. 11 என்று இருந்தது, பக்கத்தில் வரம்பைத் தாண்டியதைக் காட்டும் நட்சத்திரக் குறி; சிவப்பணுக்கள் படியும் வேகத்தைச் சொல்லும் ஈ.எஸ்.ஆர். 34, அதற்கும் நட்சத்திரம். உடனே முகப்பில் இருந்தவர், நுரையீரலில் அழற்சி இருப்பது உறுதியாகிவிட்டது என்றார். சி.ஆர்.பி. கல்லீரலில் உருவாகும் புரதம்; ஈறு வீங்கினாலும், மூட்டு வீங்கினாலும், சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் ஏறும். 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் அது முதலில் கண்டறியப்பட்டது என்றாலும், நுரையீரலுக்கு மட்டும் உரிய அடையாளமன்று. அப்பாவுக்கு நான்கு நாள் முன்பு காய்ச்சல் இருந்ததை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தூண்டும் காரணம் நீங்கிவிட்டால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் அளவு அது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றிரவு அம்மா தூங்கியிருப்பார்.

தாளை எடுத்துக்கொண்டு அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போனோம். மருத்துவர் முதலில் அப்பாவைக் குழாயில் ஊத வைத்தார். மருந்தை உள்ளிழுக்கச் செய்து, சிறிது நேரம் கழித்து மறுபடியும் ஊதச் சொன்னார். முழு மூச்சில் வெளியேறும் காற்றில், முதல் விநாடியில் வெளியேறும் பங்கு அப்போதும் 0.58தான். 0.70க்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாயில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) என்பதை உறுதிப்படுத்தியது இந்த ஊதும் பரிசோதனைதான். தொகுப்பில் இருந்த எந்த ரத்த எண்ணாலும் அதைச் செய்ய முடியாது.

பிறகுதான் அவர் தாளைப் பார்த்தார். நட்சத்திரம் போட்ட இரண்டையும் தாண்டி, எந்தக் குறியும் இல்லாத ஒரு வரியில் விரலை வைத்தார்: இயோசினோபில் என்னும் வகை வெள்ளையணு, 0.34. அதாவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 340 அணுக்கள். வழக்கமான வரம்புக்குள் இருப்பதால் நிலையம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் அடிக்கடி நோய் முற்றுகிறவர்களுக்கு இந்த எண்ணிக்கை 300ஐத் தொட்டாலே உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு நல்ல பலன் தரக்கூடும். 100க்குக் கீழே போனால், பலனைவிட நிமோனியா வரும் அபாயமே பெரிதாகக் கருதப்படும். அப்பாவின் இன்ஹேலர் அன்றே மாற்றி எழுதப்பட்டது.

சி.ஆர்.பி.யைப் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. நோய் திடீரென்று முற்றும்போது ஆண்டிபயாட்டிக் தேவையா என்று முடிவெடுக்க அது உதவுகிறது. 2019இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில், கிளினிக்கிலேயே விரலில் குத்திச் சி.ஆர்.பி. பார்த்த குழுவில் 57 விழுக்காட்டினரும், பார்க்காத குழுவில் 77 விழுக்காட்டினரும் ஆண்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டார்கள். குறைவாக எடுத்தவர்களின் உடல்நலத்துக்குக் கேடு எதுவும் தெரியவில்லை. மூச்சு சீராக இருக்கும் நாளில் ஒருமுறை எடுத்து, நுரையீரல் கெட்டுவிட்டது என்று சொல்வதற்குரிய பரிசோதனை அதுவன்று.

இயோசினோபில் எண்ணிக்கை சாதாரண முழு ரத்தப் பரிசோதனையிலேயே வந்துவிடும். அதற்காகத் தொகுப்பு வாங்கத் தேவையில்லை. அடுத்த முறை அதே நிலையத்துக்கு, அதே பெண்ணிடம்தான் போவோம், முழு ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு மட்டும்.