வீடு தேடி வரும் போன் உதவி: ராமநாதபுரக் கடலோரத்தில் எது எடுபடுகிறது, எது எடுபடவில்லை

கடையில் வைத்தால் சார்ஜ் ஏறுகிறது, வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஏறவில்லை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் போன் கோளாறு பார்க்கத் தன்னார்வலர்களைக் கூப்பிடும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. போனைக் கையில் எடுக்குமுன் சுவரைப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் பிளக் பாயின்ட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு பச்சை பூத்திருக்கும், சார்ஜர் ஆடிக்கொண்டே உட்காரும். கடை மேசையிலிருந்து இது தெரியாது. வீட்டுக்கே ஆள் வருவதில் உள்ள பெரிய லாபம் இதுதான்.

வருபவர் பையில் நன்றாக வேலை செய்யும் ஒரு சார்ஜரும் டைப்-சி கேபிளும் கட்டாயம் இருக்கட்டும். வீட்டு சார்ஜரை முதலில் வேறு அறைப் பாயின்ட்டில் செருகுங்கள். ஏறினால் பழைய பாயின்ட்தான் கோளாறு. அது எலக்ட்ரீசியன் வேலை, தன்னார்வலர் கை வைக்கக் கூடாது. ஏறாவிட்டால் கேபிளை மட்டும் மாற்றுங்கள், அடுத்து சார்ஜரை. எதற்கும் மசியாதபோதுதான் போனின் சார்ஜிங் துளைக்கு வர வேண்டும்.

போனை அணைத்து டார்ச் அடித்தால் துளையின் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று தெரியும். அதன்மேல் வெள்ளைப் பொடியோ பச்சையோ படிந்திருக்கும். பஞ்சு, நூல் அடைத்திருந்தால் மரப் பல்குச்சியால் நெம்பி எடுக்கலாம். ஊக்கு வேண்டவே வேண்டாம், நாக்கு ஒடிந்தால் போர்டையே மாற்ற வேண்டிவரும். பிறகு 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நைலான் பிரஷ்ஷால் நாலைந்து தடவை தேய்த்து, கால் மணி நேரம் உலரவிட்டுச் செருக வேண்டும். உப்பு ஈரத்தோடு கரண்ட் பாய்ந்தால் ஊசிகள் வேகமாக அரித்துப் போகும். அதனால்தான் ஈரம் இருப்பதாகப் போன் எச்சரித்தால் உடனே கேபிளைப் பிடுங்கச் சொல்கிறோம். கடலில் விழுந்த போனை அரிசியில் புதைப்பது வீண். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுக்கும். அணைத்த நிலையிலேயே, அன்றைக்கே கடையில் பிரித்துக் கழுவக் கொடுக்க வேண்டும்.

“போன் தானா பேசுது, தொட்டா ஒண்ணும் ஆகல” என்றால், பார்வையற்றோருக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதி தெரியாமல் இயங்கியிருக்கிறது. சத்தம் கூட்டும், குறைக்கும் பொத்தான்கள் இரண்டையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஒரு தட்டில் தேர்வு, இரு தட்டில் திறப்பு, இரு விரலால் நகர்த்தல் என்று செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

கீழக்கரையில் புகார் வேறு மாதிரி. துபாயில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப் கால் போகவில்லை என்று போனை ரீசெட் செய்யச் சொல்வார்கள். செய்யாதீர்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல், வீடியோ அழைப்புகளுக்குத் தடை, செய்திகள் போகும். பாட்டிம் (BOTIM) போன்ற அழைப்புச் செயலியை இரு பக்கமும் போட்டால் தீர்ந்தது.

தனுஷ்கோடி, அரிச்சல்முனைப் பக்கம் இலங்கை டவர் போனைப் பிடித்துக்கொள்வதுண்டு. டேட்டா ரோமிங்கை அணைத்து, நெட்வொர்க் தேர்வை ‘ஆட்டோமேட்டிக்’கிலிருந்து மாற்றிச் சொந்த கம்பெனியைத் தேர்வு செய்ய வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி ஆட்டோமேட்டிக் போட மறந்தால் வெளியூரில் சிக்னலே கிடைக்காமல் போகலாம்.

நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்று வேலை. வலைக்கயிறு இழுத்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாவிட்டாலும் முக அடையாளத்தில் முடித்துவிடலாம். ஜீவன் பிரமான், ஆதார் ஃபேஸ்ஆர்டி என்ற இரண்டு செயலிகளும் வேண்டும். இரண்டாவதற்குத் திரையில் ஐகான் வராது. செயலி போனில் ஏறவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப இறக்குகிறவர்கள் அதிகம். முதலில் போனை இயக்குபவரின் முகம், பிறகு ஓய்வூதியரின் முகம் என்பது வரிசை. மழைக்கால இருட்டில் உள்ளறையில் எடுத்தால் நிராகரிக்கும். வாசலில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார வைத்து, கண் சிமிட்டச் சொல்லுங்கள்.

எடுபடாதது யுபிஐ உதவிதான். வங்கியில் பதிந்த சிம் அதே போனில் இருக்க வேண்டும். அந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும், ரீசார்ஜ் தீர்ந்திருந்தால் சரிபார்ப்பு தோற்கும். அந்த சிம்மோ பெரும்பாலும் கடலுக்குப் போன ஆளின் சட்டைப்பையில். எனவே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் தடைக்காலத்துக்கே இந்த வேலையை ஒதுக்குவது நல்லது.

இன்னொரு குறை தன்னார்வலர் பக்கமே. அவசரத்தில் போனை வாங்கி மளமளவென்று தானே முடித்துவிடுவார். பத்து நாளில் அதே வீட்டிலிருந்து அதே புகார் வரும். “உம்மா, நீங்களே அழுத்துங்க” என்று சொல்லி, ரகசிய எண்ணான பின் (PIN) நம்பர் போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்பவரை மட்டும் திரும்பக் கூப்பிடுங்கள். பின் நம்பரையோ ஓடிபியையோ கேட்டால், நோட்டில் குறித்துக்கொண்டால், அவரை வாசலோடு அனுப்பிவிடலாம். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள்.