பழைய ஃப்ளாஷ் பேனர்களை மறுபடி ஓட வைக்கும் ரஃபிள்: எட்டு மாதம் பயன்படுத்திப் பார்த்ததில்

எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு 2004லிருந்து ஒரு இணையதளம் இருக்கிறது. திருவிழாப் படங்கள், கல்யாணம், காதுகுத்து, இரங்கல் செய்தி, அவசரமாக ரத்தம் தேவை என்ற அறிவிப்பு, இவ்வளவுதான் அதில் இருக்கும். சங்கத்திடம் பணம் கிடையாது, ஹோஸ்டிங் செலவைத் தாங்கியது உள்ளூர்க் கடைகள்தான். நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, சமையல் காண்டிராக்டர், ஃபோட்டோ ஸ்டுடியோ என்று ஆளுக்கு வருஷம் ஆயிரம், ரெண்டாயிரம் கொடுத்து பக்கத்தின் தலையில் ஒரு பேனர் போட்டுக்கொண்டார்கள். எல்லாம் 468க்கு 60 பிக்சல் பட்டை, எல்லாம் ஃப்ளாஷ், அதாவது இணையப் பக்கத்தில் அசையும் படம் காட்ட அப்போது பயன்பட்ட மென்பொருளில் செய்தது. குத்துவிளக்கில் ஒவ்வொரு திரியாக எரியும், அஞ்சாவது திரி எரிந்ததும் கடைப் பெயர் வரும். ஒரு ஜவுளிக்கடைக்குப் புடவை மடிப்பு மடிப்பாக விரியும். அந்தக் காலத்தில் ஊரில் ஃப்ளாஷ் தெரிந்த ஒரே டிடிபி கடைக்காரர் ராத்திரி உட்கார்ந்து செய்தது.

2020 டிசம்பர் 31உடன் ஃப்ளாஷ் ப்ளேயருக்கு ஆதரவு முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் அது ஓடுவதையே அடோபி தடுத்துவிட்டது. எங்கள் 41 பேனர்களும் வெறும் கட்டமாகிவிட்டன. அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, நானும்தான். போன வருஷம் பழைய திருவிழாப் பக்கங்களைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அந்தக் கடைகளில் பாதி இன்று இல்லை. சில கடைகளுக்கு மிச்சமிருக்கும் ஒரே படம் அந்தப் பேனர்தான்.

மாற்றுவழி தேடியபோது முதலில் நம்பிக்கை வரவில்லை. ஃப்ளாஷை மாற்றித்தரும் ஸ்விஃபியை கூகுள் 2016லேயே மூடிவிட்டது, மொசில்லாவின் ஷம்வேயும் பாதியில் நின்றுபோனது. ரஃபிளை எடுத்துப் பார்த்ததற்கு ஒரே காரணம், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் தன் ஃப்ளாஷ் சேகரிப்புக்கு இதைத்தான் எடுத்துக்கொண்டது. காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ், ரஸ்ட் மொழியில் எழுதியது, பிரவுசருக்குள் வெப்அசெம்ப்ளியாக, அதாவது பிரவுசரே நேரடியாக ஓட்டும் நிரல் வடிவத்தில், ஓடுகிறது. பார்க்க வருபவர் எதையும் நிறுவ வேண்டாம். ஃப்ளாஷ் ப்ளேயரில் மாதாமாதம் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் நினைவிருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: இது பிரவுசரின் வேலிக்குள்ளேயே ஓடுவதால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

நிறுவுவது நிஜமாகவே சுலபம். ஜிப்பை இறக்கி, சர்வரில் ஒரு ஃபோல்டரில் விரித்து, பக்கத்தில் ஒரே ஒரு ஸ்க்ரிப்ட் வரி. ஃப்ளாஷைப் பக்கத்தில் பதிக்கும் பழைய எம்பெட் குறியீட்டை அதுவே கண்டுபிடித்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, 2006இல் எழுதிய பக்கத்தில் நான் வேறு எதையும் தொடவில்லை. எனக்குத் தடுமாற்றம் வந்தது ஹோஸ்டிங் பக்கம்தான். வாஸ்ம் (வெப்அசெம்ப்ளி) கோப்புகளை எந்த வகை என்று சொல்லி அனுப்ப வேண்டும் என்பது அந்தப் பழைய சர்வருக்குத் தெரியவில்லை, ஆதரவுக் குழுவுக்கு மூன்று முறை எழுதியும் பதில் வராமல் கடைசியில் நானே சர்வருக்கு அமைப்புகளைச் சொல்லும் எச்டிஆக்சஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். சரியாகிவிட்டது.

பேனருக்கு என்று சில அமைப்புகளை மாற்றியே ஆக வேண்டும். ரஃபிள் விளையாட்டு, கார்ட்டூன் எல்லாவற்றையும் மனதில் வைத்துச் செய்தது, அதனால் முதலில் ப்ளே பொத்தானைக் காட்டவோ, சத்தத்தைத் திறக்கச் சொல்லி ஒரு மூடியைப் போடவோ செய்யும். 60 பிக்சல் உயரப் பட்டையில் அது வந்தால் கடைப் பெயரே தெரியாது. ஆட்டோப்ளேயை ‘ஆன்’ என்றும் அன்மியூட் மூடியை மறைத்தும் வைத்து, தொடக்கத் திரையையும் எடுத்துவிட்டால் பேனர் பழையபடி தானாக ஓடும்.

அப்புறம் கிளிக்டேக். ஃப்ளாஷ் பேனரைச் சொடுக்கினால் எங்கே போக வேண்டும் என்பதை வெளியிலிருந்து கொடுக்கும் மாறி அது. அதன் ஆங்கிலப் பெயரில் ஒருவர் கடைசி மூன்று எழுத்தையும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார், இன்னொருவர் டி மட்டும் பெரிதாக. ஃப்ளாஷ் 6 வரை இந்த வித்தியாசம் கணக்கில்லை, 7லிருந்து கணக்குண்டு, ரஃபிளும் அதே விதியை அப்படியே பின்பற்றுகிறது. ஒரு பாத்திரக்கடை பேனர் ஏன் சொடுக்கினால் சும்மா இருக்கிறது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன், ஒரு எழுத்துதான் காரணம். ஆனால் எல்லாச் சுட்டியையும் உயிர்ப்பிக்காதீர்கள். பேனருக்குள்ளேயே முகவரியை எழுதி வைத்த பழைய கோப்புகள் உண்டு, அந்த டொமைனைக் கடைக்காரர் புதுப்பிக்காமல் விட்டு இன்று வேறு யாரோ சூதாட்டப் பக்கம் நடத்தலாம். எங்களுக்கு அப்படி இரண்டு இருந்தன. ரஃபிளில் சுட்டியைத் திறக்கும் முன் கேட்கச் சொல்லலாம், அல்லது திறக்கவே கூடாது என்று அடைத்துவிடலாம். நான் அடைத்துவிட்டு, மேலே நானே ஒரு சுட்டியைப் போர்த்திவிட்டேன். கடை இருந்தால் அதன் இன்றைய பக்கம், இல்லையென்றால் கடையைப் பற்றி நாங்கள் எழுதிய நாலு வரி.

தமிழ் எழுத்து எப்படி வரும் என்றுதான் எனக்கு அதிகப் பயம். அதெல்லாம் தமிழ் யூனிகோடு இங்கே பரவாத காலத்து வேலை, வானவில் மாதிரி எழுத்துருவில் அடித்தது. நல்லவேளை, அந்த டிடிபிக்காரர் பெரும்பாலான பேனர்களில் வார்த்தைகளை உடைத்து வெறும் வடிவமாக்கிவிட்டிருந்தார். அப்படி உடைத்ததோ, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்ததோ என்றால் ஒரு கொம்பு, ஒரு புள்ளி மாறாமல் வருகிறது, 20 வருஷம் கழித்தும். கணினியில் இருக்கும் எழுத்துருவை நம்பிச் செய்த பேனர் என்றால் கஷ்டம், ரஃபிளோடு வரும் எழுத்துரு ஆங்கிலம் போன்றவற்றுக்குத்தான். அந்த மாதிரி இருந்த மூன்றை படமாக எடுத்து வைத்துக்கொண்டேன். ரஃபிளிலேயே ஃப்ரேம்களைப் பிஎன்ஜி படமாக எடுத்துத்தரும் கருவி ஒன்று தனியாக உண்டு, அது நிறைய உதவியது.

குறை என்றால் எடைதான். பேனர் 30, 40 கேபி, அதை ஓட்ட வரும் ரஃபிள் எம்பிக் கணக்கில். ஒருமுறை இறங்கினால் பிரவுசர் சேமித்துக்கொள்ளும் என்றாலும், ரத்தம் தேவை என்ற அறிவிப்பைப் பார்க்க பஸ்ஸில் வரும் ஒருவருக்கு இந்தச் சுமையை ஏற்றக் கூடாது. எங்கள் முகப்பில் ரஃபிள் கிடையாது, பழைய பக்கங்களில் மட்டும்தான். இன்று காசு கொடுத்து விளம்பரம் தரும் கடைக்கும் இதைப் போடாதீர்கள், அவருக்குச் சத்தமில்லாமல் சுழலும் சின்ன வீடியோ போதும். ஜிஃப் வேண்டுமென்று கேட்பார்கள், கொடுக்கலாம், ஆனால் 1989இன் அந்த வடிவத்தில் ஒரு படத்துக்கு 256 நிறம்தான். பட்டுப்புடவையின் சரிகை அதில் புள்ளி புள்ளியாக உடையும், கோப்பும் பெருத்துவிடும். வெப்பி என்ற புதிய பட வடிவம் பரவாயில்லை. எதுவானாலும் பளிச் பளிச்சென்று ஒரு நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் வெட்டுவதை வாங்காதீர்கள், வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. எங்கள் பழைய நகைக்கடை பேனர் ஒன்றை அதனாலேயே நிறுத்திவைத்துப் படமாக மட்டும் காட்டுகிறோம்.

ஒரு சின்ன விஷயம். பேனர் இருக்கும் ஃபோல்டருக்கு ‘பேனர்ஸ்’ என்றோ, கோப்புக்கு 468, 60 என்றோ பெயர் வைத்தால் விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களுக்கு அது வராமல் போகலாம். நான் ‘கடைகள்’ என்று மாற்றினேன்.

ஃபோனில் ஓடுவதுதான் எனக்கு நெகிழ்ச்சியான விஷயம். 2007இல் வந்ததிலிருந்து ஐஃபோனில் ஃப்ளாஷ் ஓடியதே இல்லை. அதாவது இந்தப் பேனர்கள் உயிரோடு இருந்த காலத்தில்கூட அதில் யாரும் இவற்றைப் பார்த்ததில்லை. சமையல் காண்டிராக்டரின் மகளுக்கு அவர் ஃபோனிலேயே காட்டினேன், அண்டாவிலிருந்து ஆவி எழும்பி அப்பா பெயர் வந்தது. நாலு தடவை ஓட விட்டார்.

ஃப்ளாஷுக்கான நிரல் மொழியான ஆக்ஷன்ஸ்க்ரிப்டின் 1, 2 பதிப்புகளில் செய்த பேனர்களை ரஃபிள் அருமையாக ஓட்டுகிறது, எங்களுடையதில் பெரும்பாலும் அவைதான். 3இல் செய்தவற்றுக்கு வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் 2009க்குப் பிறகு வந்த மூன்று பேனர்களை நான் இன்னும் தளத்தில் ஏற்றவில்லை. தினமும் புதுப் பதிப்பு வருகிறது, அதன் இணையதளத்திலேயே நம் கோப்பைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம், மாதம் ஒருமுறை மூன்றையும் போட்டுப் பார்ப்பேன். அவற்றில் ஒன்றான ஃபோட்டோ ஸ்டுடியோ பேனரில் கேமரா ஃப்ளாஷ் அடித்ததும் ஒரு குடும்பப் படம் வர வேண்டும், மார்ச்சில் கேமரா மட்டும்தான் வந்தது. போன வாரம் படமும் வந்துவிட்டது.